மச்சம் இடம் மாறிய கதாநாயகன்

புத்தகத்தை மேசைமேல் போட்டுவிட்டு ரசிகர் மன்றச் செயலாளர் கேட்டார்: "இன்னாம்மா இது? பீச்சாங்கையில கத்தியப் புடிச்சிக்கினு நிக்கிறாரு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சுவரிலிருந்த காலண்டரைத்தான் பார்த்தேன். மாநாட்டுக்கு இரண்டே நாள் இருந்தது.

நான் அப்போது திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துவந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, சினிமாக் கொட்டகை நோட்டீஸ் என்று ஓடும் சின்ன அச்சகம். தாளை மடிப்பதும் தைப்பதும் பசை தடவுவதும் என் வேலை. மற்ற நேரத்தில் படக்கதை போடுவேன். பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே இரண்டு வரி. கதை என்னுடையது, படம் என்னுடையது, அச்சுக்கான தகட்டில் அதைச் செதுக்குவதும் நான்தான். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் காலால் மிதிக்கிற மிஷினை எனக்கு விட்டுவிடுவார், கழிவுத் தாளையும் கொடுப்பார். அடித்த புத்தகங்களைக் கூடையில் வைத்துக்கொண்டு மயிலம் திருவிழாவில் நானே உட்கார்ந்து விற்பேன். அறுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், கல்யாணமாகாத ஒருத்தி இப்படிக் கூடையோடு உட்கார்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைத்தான் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சித்திரையில் விழுப்புரத்தில் ஒரு நடிகரின் ரசிகர்கள் மாநாடு கூட்டினார்கள். நடிகர் யார் என்று எழுதப்போவதில்லை. அவருக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை. நான் என்று ஒருத்தி இருந்ததே அவருக்குத் தெரியாது. கத்திச் சண்டைக்குப் பேர் போனவர், வலது கன்னத்தில் ஒரு மச்சம், அந்த மச்சத்துக்கே தனியாக ரசிகர்கள் இருந்தார்கள் என்பது போதும்.

செயலாளர் ஒரு மாதத்துக்கு முன்னால் அச்சகத்துக்கு வந்து, பந்தலுக்குள் வாசல் பக்கத்திலேயே எனக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்னார். அட்டை பேட்ஜ், காகித விசிறி, அவர்கள் நடிகரைக் கதாநாயகனாக வைத்து ஒரு படக்கதை, மூன்றையும் நான் செய்து அங்கே விற்கலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாவட்டம் முழுக்க வந்து கூடுகிற இடம் அது. மயிலத்தில் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் அத்தனை கண்கள் என் படத்தைப் பார்க்காது. ஒன்றே ஒன்று கேட்டேன், அட்டையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று.

"பொம்பள பேரப் போட்டா மன்றத்துக்கு மரியாதையா இருக்காதும்மா. மன்ற வெளியீடுன்னு போட்டுடு, அது போதும்" என்றார்.

நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டு ரயிலில் வீடு திரும்புகையில் பேரணி ஸ்டேஷன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். பெயர் இல்லாமல் போனால் அது யார் போட்ட படமாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தை விட மனசு வரவில்லை.

எங்கள் வீடு விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அதிகாரி பங்களாவில் தரைக்குப் போட்டிருந்த பழைய லினோலியத்தைப் பெயர்த்து எறிந்தபோது, சமையல்கட்டுக்கு ஆகும் என்று அவர் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் பாதியை நான் திருடிக்கொண்டேன். லேசாகச் சூடு காட்டினால் வெண்ணெய் மாதிரி செதுக்க வரும். அம்மா முதலில் திட்டினாள், பிறகு உதவிக்கு வந்துவிட்டாள். பவுடர் டப்பா மூடியை அட்டைமேல் வைத்துக் கோடு போட்டு பேட்ஜ் வெட்டினாள். மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினாள். மடியில் வறுத்த மல்லாட்டை, கையில் கத்தரிக்கோல், கடலையை உரித்துத் தின்றுகொண்டே வெட்டுவாள். எங்கள் வீட்டுப் பேட்ஜ்கள் எல்லாவற்றிலும் லேசாக எண்ணெய்க் கறை இருக்கும்.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். பின்னாளில் சிலர், நான் வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன் என்று சொல்லி என்னைப் பெரிய புரட்சிக்காரி ஆக்கப் பார்த்தார்கள். சத்தியமாக இல்லை. செதுக்கிய தகட்டில் மை தடவி அடித்தால் படம் தாளில் இடவலம் மாறித்தான் விழும். அதனால் படத்தை முதலிலேயே திருப்பிப் போட்டுச் செதுக்க வேண்டும். என் கதைகளில் வருகிற மரமும் கோட்டையும் குதிரையும் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன? கீழே வருகிற எழுத்தை எழுத்து கோக்கிறவர் தனியாகக் கோத்துவிடுவார், அதில் பிழை வராது. அப்படியே பழகிப்போனேன். செயலாளர் கொடுத்த போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, பார்த்த மாதிரியே லினோலியத்தில் இறக்கினேன். போட்டோவில் வலது கையில் இருந்த வாள் பதினாறு பக்கத்திலும் இடது கைக்குப் போய்விட்டது. நான் கவனிக்கவே இல்லை. கவனிக்காததற்குக் காரணமும் உண்டு, அதைச் சொல்கிறேன்.

செயலாளர் பக்கம் பக்கமாகத் திருப்பி விரலால் குத்தினார். மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. வகிடு அந்தப் பக்கம். சால்வை அந்தத் தோள். முதலாளிக்கு வியர்த்துவிட்டது, ஏனென்றால் மன்றத்து நோட்டீஸ் எல்லாம் அவரிடம்தான் வரும். மச்சத்தையாவது மையால் மாற்றி வைத்துவிடலாம் என்றார் அவர். புத்தகத்துக்குப் பதினாறு மச்சம். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

செயலாளருக்கு வரவில்லை. "பேட்ஜும் விசிறியும் எடுத்துக்கினு வா. இந்தப் பொஸ்தகம் மட்டும் வேணாம், கொளுத்திடு" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்: "கால் கழுவற கையில கத்தி புடிக்கறவன் கதைய எவன் வாங்குவான்?"

அந்தக் கையில்தான் நான் அப்போது தைக்கிற ஊசியைப் பிடித்திருந்தேன்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. பள்ளியில் டீச்சர் ரிப்பனால் என் இடது மணிக்கட்டை பெஞ்சோடு கட்டிப்போடுவார். வீட்டில் அப்பா கரண்டியின் பின்புறத்தால் விரல் முட்டியில் தட்டுவார். சாப்பாடும் எழுத்தும் வலது கைக்கு மாறின. யாருக்கு எதைக் கொடுத்தாலும் கை மாற்றிக் கொடுக்கப் பழகினேன். படமும் தையலும் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் படம் போடுவதையும் தாள் தைப்பதையும் யாரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, திருத்தவும் வரவில்லை. செதுக்கும் கத்தி என் இடது கையில் இருந்தது. கதாநாயகன் வாளும் இடது கையில் இருந்தது. என் கண்ணுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பேட்ஜும் வராதுங்க, விசிறியும் வராதுங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். வாசல் பக்கத்து இடம் போயிற்று, ஒரு மாத உழைப்பும் போயிற்று. கொஞ்ச நேரம் தாள் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், வருத்தத்தில் அல்ல, ஆத்திரத்தில். பிறகு ஒன்று தோன்றியது. பிழை என்னுடையது. அப்படியானால் புத்தகமும் என்னுடையதுதான். இனி அது மன்றத்து வெளியீடு இல்லை. அந்த நடிகரும் அதில் இல்லை. மச்சம் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும்.

அட்டைகளை எல்லாம் கிழித்தேன். மஞ்சள் தாளில் புது அட்டை அடிக்க முதலாளியிடம் கேட்டேன். 'இடதுகைக்காரன் கதை' என்று பெரிய எழுத்தில் கோக்கச் சம்மதித்தவர், என் பெயரை மட்டும் கோக்கவிடவில்லை. மன்றத்துக்காரர்கள் நாளைக்குத் தன் கழுத்தைப் பிடிப்பார்கள் என்றார். நான் நகரவில்லை. கடைசியில், "எழுதி வரைந்தவர்னு போட்டு எடம் விட்டுத் தர்றேன். கையால எழுதிக்கோ. கையெழுத்துக்கு என் மிஷினு பொறுப்பில்ல" என்றார். அந்த மனிதர் கோழைதான், ஆனால் நல்ல கோழை.

மாநாட்டு நாள் காலையில் பந்தல் வாசலுக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பேட்ஜ் ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம், நடுவில் மஞ்சள் அட்டை. வெயில் மண்டையைப் பிளந்தது. விசிறி உடனே போனது, பேட்ஜும் போனது. புத்தகத்தை எடுத்துப் பார்த்து, முகம் சுளித்து, அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். மன்றத்துத் தொண்டர் ஒருவர் வந்து எழுந்து போகச் சொன்னார். ரோடு கவர்மெண்டுடையது என்று சொல்லி அனுப்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா வந்தார். மன்றத்துக்காரர்கள் ஷெட்டுக்கே ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டையோடு என் முன்னால் நின்று, குரலை இறக்கி, "வூட்டுக்கு வாம்மா. நாலு பேரு பாக்கறாங்க" என்றார்.

"பாக்கட்டும்பா. பாக்கறதுக்குத்தான் போட்டிருக்கேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி ஷெட்டுக்கு நடந்துவிட்டார். ஒரு புத்தகத்தைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை.

பிற்பகலில் வளவனூர் மன்றத்துப் பையன்கள் நாலைந்து பேர் நிழல் தேடி வெளியே வந்தார்கள். ஒருவன் புத்தகத்தைப் புரட்டினான், கண் அகலமாயிற்று. "டேய், மச்சம் எடம் மாறிப் போச்சுடா" என்றான். இன்னொருவன் பிடுங்கி வகிட்டைக் கண்டுபிடித்தான். சால்வையைக் கண்டுபிடித்தவனுக்குப் பரமசந்தோஷம். அவர்களுக்குக் கோபம் வரும் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். செயலாளருக்குத் தன் மன்றத்து ரசிகர்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான் என்று அப்போது புரிந்தது. ஒருவரின் முகத்தை அணு அணுவாக மனப்பாடம் செய்தவனுக்கு, அதில் ஒரு தப்பைப் பிடிப்பதைவிடப் பெரிய விருந்து ஏது? ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கெடார் மன்றத்து ஆட்கள் வந்தார்கள். மொத்தம் எத்தனை தப்பு என்று பந்தலுக்குள் பந்தயம் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

கூட்டத்தில் ஒரு பெண், வயல் வேலைக்காரி, புருஷனோடு வந்தவள், குனிந்து அந்த வாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணும் இந்தக் கைதான். அடிச்சாலும் மாற மாட்டேங்குது" என்றாள். நிஜமாக நான்தான் படம் போட்டேனா என்று கேட்டாள். அவள் நம்பட்டும் என்று பேனாவை இடது கையில் எடுத்து அட்டையின் பின்பக்கம் ஒரு சின்ன வீரனைப் போட்டுக் காட்டினேன். விற்ற ஒவ்வொரு புத்தகத்திலும் அதுவரை வலது கையால் எழுதிவந்த பெயரை, கை மாற்ற மறந்து, அதே கையாலேயே எழுதினேன். எழுத்து கோணலாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல வந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு கை மாற்றவே இல்லை.

புத்தகக் கட்டில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தபோது செயலாளரே சாலையைத் தாண்டி வந்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணு குடும்மா ஜல்தி. மேடையில கெஸ்ட்டுங்க கேக்கறாங்க."

நான் அவசரப்படவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்தேன். விட்டிருந்த இடத்தில் இடது கையால் என் பெயரை முழுசாக எழுதினேன். மை காய ஊதினேன். பிறகு அந்தக் கையாலேயே எடுத்து அவரிடம் நீட்டினேன்.

பதினைந்து வருஷமாக நான் யாருக்கும் அப்படி நீட்டியதில்லை. அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நான் மாற்றுவேன் என்று காத்திருந்தார். சுற்றி நின்றவர்களும் என் கையையே பார்த்தார்கள். என் தோள் வலிக்க ஆரம்பித்தது, நான் மாற்றவில்லை.

வாங்கிக்கொண்டார். அட்டையைத் தன் பக்கம் திருப்பி, உதடு அசைய என் பெயரைப் படித்தார். சாலையைத் தாண்டிப் பந்தலுக்குள் போனார்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆனால் மேடை வரைக்கும் அதை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.