மேஜர் நினைவுப் பூங்கா

ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி மேஜர் போனபோது மருமகளும் கூடப் போயிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிது. அன்று நடந்த பேச்சு ஒரு வார்த்தை மாறாமல் அவளுக்கு நினைவிருக்கிறது.

முதலில் வாயைத் திறந்தவள் தையல்காரி. மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"வாங்க மிலிட்டரி. துப்பாக்கிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"உன் வாய்க்கு முன்னால துப்பாக்கி எதுக்கும்மா?" என்றார் மேஜர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "போன வெள்ளத்துல இந்த மெஷின் எங்க கிடந்துச்சு?"

"பாலத்துக்குக் கீழ."

"அடுத்த வெள்ளத்துல நீயே அங்க கிடப்ப. செங்கல் சூளைக்குப் பின்னாடி மேட்டு நிலம் சும்மா கிடக்கு. தண்ணி ஏறாது. எல்லாரும் அங்க வந்துடுங்க."

"பத்திரம்?"

"வாங்கித் தரேன்."

"போன தலைவரும் இதையேதான் சொன்னாரு. அவரு வீட்டுக்கு மாடி வந்துச்சு. எங்களுக்கு ஒண்ணும் வரல."

"நான் சொல்றேன்ல? யாராவது எழுந்து போன்னு சொன்னா என் பேரைச் சொல்லு. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெஷினுக்கு மூடியைப் போட்டு, "சரி, தூக்க ஆள் அனுப்புங்க" என்றாள்.

மேஜர் பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தவர். சண்டையைப் பற்றிக் கேட்டால், "எதிரியைவிட மழைதான் எங்களை அதிகமா அடிச்சுது" என்று பேச்சை முடித்துவிடுவார். ஓய்வு பெற்று வந்தவரை ஊர் நகராட்சித் தலைவராக்கியது. பதவியேற்ற வாரமே கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கடைத்தெருச் சாக்கடையில் இறங்கி, அடைப்பு எங்கே என்று கழியால் குத்திப் பார்த்தார். 'சாக்கடை மேஜர்' என்று பெயர் விழுந்தது. "மேஜர் பட்டாளம் குடுத்தது, சாக்கடை நீங்க குடுத்தது. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பத்திரம் மட்டும் கிடைக்கவில்லை. நிலம் எந்த இலாகாவுக்குச் சொந்தம் என்று இரண்டு இலாகாக்கள் ஒன்றையொன்று கை காட்டின. அதற்குள் தேர்தல் வந்தது; தோற்றார். அதன் பிறகும் போய்க்கொண்டிருந்தார், தான் தலைவராக இருந்த அதே அலுவலகத்துக்கு. முதலில் குமாஸ்தா அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். பிறகு பாதி எழுந்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். ஒருநாள் அங்கே காத்திருந்த பெஞ்சிலேயே மேஜருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சில மாதங்கள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார்.

துக்கம் ஆறுவதற்குள் புதிய தலைவர் வீடு தேடி வந்தார்.

"மேஜர் ஐயாவுக்கு ஒரு நினைவுப் பூங்கா. நடுவுல வெண்கலச் சிலை. அந்த மேட்டு நிலம்தான் தோது. நாலு பக்கத்துலேர்ந்தும் தெரியும்."

"அங்க ஆளுங்க இருக்காங்களே" என்றாள் மருமகள்.

"ஆக்கிரமிப்பும்மா அது. ரொம்ப நாளாவே இழுத்துக்கிட்டு கிடக்கு. இப்ப ஐயா பேரைச் சொன்னா, எதிர்த்து எவனும் கோர்ட்டுக்குப் போக மாட்டான்."

அவள் கணவன் கண்கலங்கித் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் போனதும் அடுப்பங்கரையில் வைத்துக் கேட்டாள்.

"ஏங்க, மாமா அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காரு. நம்ம வேண்டாம்னு சொன்னா அந்தாளு இந்தப் பேரை வெச்சு இடிக்க முடியாது."

"வாக்குக் குடுத்தது அவரு. நானில்ல. அப்பாவுக்குச் சிலை வேண்டாம்னு மகனே சொன்னா ஊரு என்னைக் காறித் துப்பும்."

"மேட்டுல இருக்கறவங்க துப்ப மாட்டாங்களா?"

"அவங்க துப்பினா இங்க வரைக்கும் எட்டாது."

தனியாக நகராட்சிக்கும் போய்ப் பார்த்தாள். "மகன் சரின்னுட்டாரு. மருமகளை எதுக்கும்மா கேக்கணும்?" என்று தலைவர் சிரித்தபடியே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இடிக்கிற அன்று அவள் போனபோது மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. தையல்காரி அதன் முன்னால் நின்றாள். "மேஜர் எங்களை இங்க கொண்டுவந்து வெச்சாரு. போய் மேஜர் வீட்ல கேளு."

"அவருக்காகத்தான்மா இடிக்கிறோம்" என்றான் மேற்பார்வையாளன். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சமாதானம் சொன்னான்.

தையல்காரி திரும்பிக் குடிசைக்குள் போனாள். மெஷினின் ஒரு முனையைப் பிடித்தாள். தூக்க ஆளில்லை. மருமகள் போய் மறுமுனையைப் பிடித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்; திட்டியிருந்தால் தேவலை.

"எங்க போவீங்கக்கா?"

"ஆத்தங்கரை இருக்குல்ல. அங்க யாரு பேரும் கிடையாது."

திறப்பு விழாவில் குடும்பத்துக்கு முன்வரிசையில் நாற்காலி. சிலையைத் திறந்தார்கள். நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு, சாக்கடையை எட்டிக்கூடப் பார்த்திராத ஒருவர் நின்றிருந்தார். ஊரே கைதட்டியது. கணவன் அழுதான். அவளும் எழுந்து நின்று கைதட்டினாள். உட்கார்ந்திருக்கத் துணிச்சல் வரவில்லை.

மேஜர் படுக்கையில் கிடந்த அந்தச் சில மாதங்களில் அவருக்குப் பேச்சு குழறியிருந்தது. யாரையும் பார்க்க விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் அவள் வாயைத் துடைத்துவிடும்போது, நன்றாக இருந்த கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"மேட்டுலேர்ந்து யாராவது வந்தா, மாமா தூங்கறாருன்னு சொல்லி அனுப்பிடாதம்மா. என்னை எழுப்பு."