வெந்நீர்க் கொப்பரைக்காக ஓடிய சைக்கிள்

1972 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மழை. ஐந்தே முக்காலுக்குத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியல் கொட்டகையின் கதவருகே நின்றேன். உள்ளே டீமேக்கர் குளித்துக்கொண்டிருந்தார். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் ஆவி பறக்க வெளியே வந்தார். நான் உள்ளே போய், ஆறு ஒன்பதுக்கு நடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான்கு ஆண்டுகளாக இதுதான் நடைமுறை.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. நான் அங்கே ஆபீஸ் கிளாக்கர். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். இருவருக்கும் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு; நடுவில் பொதுவாக ஒரு குளியல் கொட்டகை, அதில் அடுப்பின்மேல் ஒரு செம்புக் கொப்பரை. கொப்பரையில் பதினொரு வாளி பிடிக்கும். நான் அளந்திருக்கிறேன். பதவியில் மூத்தவர் என்பதால் டீமேக்கர் முதலில் குளிப்பார். அவர் குளித்து முடித்ததும் மூன்று வாளி மிஞ்சும், அதுவும் வெதுவெதுப்பாக. மறுபடி நிரப்பிக் காய்ச்ச ஐம்பது நிமிடம் பிடிக்கும். நான் ஏழு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து இளைஞர்கள் ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கப்போவதாகத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வெள்ளிக்கிழமை வந்து சொன்னபோது, டீமேக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்குச் சுடுதண்ணிதானே வேணும், காணும்? ரேசில எனக்கு முன்னால வாரும். பிறகு ஒவ்வொரு நாளும் நீர்தான் முதல் குளிப்பு."

"தோத்துட்டா?"

"தோத்தால், இனிக் கதவடியில நிண்டு செருமக் கூடாது."

தலைவரைச் சாட்சியாக வைத்துக் கைகொடுத்தோம்.

சனிக்கிழமை மாலை சைக்கிளைக் கழுவி, எண்ணெய் போட்டு, பிரேக் கட்டைகளைத் தேய்த்துப் பார்த்தேன். செம்மண் சேறு மட்கார்டுக்குள் அடைந்தால் சக்கரம் சுழலாது என்று எனக்குத் தெரியும். அதைத் தோண்டி எடுக்க வீட்டிலிருந்த நீளமான குழம்புக் கரண்டியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என் மனைவி கரண்டியைப் பார்த்தாள்.

"ஏங்க, வயசு முப்பத்தொம்பது ஆச்சு. பசங்களோட சேத்துல விழுந்து எந்திரிக்கணுமா?"

"கொப்பர கெடைக்கும்."

"அப்படின்னா போங்க," என்றாள். மிச்சத் தண்ணீரில்தான் அவளும் குளித்துவந்தாள்.

பிற்பகல் இரண்டு பத்துக்குத் தொழிற்சாலை வாசலில் ஆறு பேர் நின்றோம்: லயத்து இளைஞர்கள் நால்வர், டீமேக்கர், நான். மேல்பிரிவுக் கோயில் வரை ஏறி, மணியை ஒரு தடவை அடித்துவிட்டு அதே வழியாக இறங்கித் தொழிற்சாலை வாசலில் கட்டிய கயிற்றைத் தாண்ட வேண்டும். தலைவர் விசில் ஊதினார். முதல் நூறு கஜத்துக்கு எல்லோரும் சைக்கிளில் இருந்தோம். அதன்பிறகு யாருமே இல்லை. சேறு கணுக்காலுக்கு மேல் இருந்தது. இளைஞர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். டீமேக்கர் காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் தலையில் தொப்பியுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் இருபது கஜத்துக்கு ஒருமுறை நின்று, கரண்டியால் சேற்றைத் தோண்டிக்கொண்டு கடைசியாக வந்தேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

"கிளாக்கரய்யா, பந்தயமா, சமையலா?"

"எறங்கி வரும்போது எங்களுக்கும் ஒரு கரண்டி ஊத்துங்க," என்றாள் இன்னொருத்தி.

நான் இன்னொரு கரண்டி சேற்றைத் தோண்டி எறிந்தேன்.

கோயில் மணியை மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு அடித்தேன். மற்ற ஐவரும் அதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள். டீமேக்கரின் தொப்பி இரண்டு வளைவுகளுக்குக் கீழே தெரிந்தது. இனி நாள்தோறும் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நிற்பதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். ஈரத்தில் கட்டைகள் வழுக்கின. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. வேகம் கூடியது. மூன்றாவது வளைவைத் திரும்பியபோது எனக்கு முன்னால் போன ஐந்து பேரும் பாதை ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி, பக்கத்தில் நிறுத்திப் பிடித்திருந்தார்கள். டீமேக்கரின் தொப்பி கையில் இருந்தது. வழுக்கையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாதையின் மறு ஓரத்தில், மழைநீர் ஓடும் கானுக்குள் பாதி இறங்கியபடி, தோட்ட மேலாளரான துரையின் ஜீப் நின்றது. ஜீப்பும் நகரவில்லை, அவர்களும் நகரவில்லை.

தோட்டப் பாதையில் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்தத் துரை வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவர் அப்படிக் கேட்டதும் இல்லை. ஆனால் எங்கள் கால்களுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். என் வலது காலும் தானாகவே பின்னால் எழுந்தது. பிரேக் இல்லாததால் இறங்க முடியவில்லை. எழுந்த காலை மடக்கவும் முடியவில்லை. ஒரு கால் அந்தரத்தில் நீட்டியிருக்க, கழுத்தில் கரண்டி ஆட, "சலாமுங்க தொரை" என்று சொல்லிக்கொண்டே ஜீப்புக்கும் அந்த வரிசைக்கும் நடுவில் போனேன்.

"நில்லும், காணும்," என்று டீமேக்கரின் குரல் பின்னால் கேட்டது. நிற்கத்தான் நானும் பார்த்தேன்.

தொழிற்சாலை வாசல் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய், பின்புறம் கொட்டியிருந்த தேயிலைக் குப்பைக் குவியலில் இடுப்பு வரை புதைந்தேன். மணி மூன்று பதினொன்று. தலைவர் என்னைத் தோண்டி எடுக்கும்போது கரண்டி பெரிதும் உதவியது.

ஆறு நிமிடம் கழித்து மற்றவர்கள் வந்தார்கள். டீமேக்கர் சைக்கிளைக் கீழே போட்டார்.

"இது செல்லாது. நாங்கள் மரியாதைக்கு இறங்கினனாங்கள். இந்தாள் இறங்கேல்லை."

"எறங்கணும்னு பந்தயத்துல சொல்லலீங்களே," என்றேன்.

"இது பந்தயத்தில சொல்லுற விசயமோ? ஒரு காலைத் துரையின்ர பக்கம் நீட்டிக்கொண்டு போறீர்."

தலைவர் நாடியைத் தடவினார். கால் நீட்டியது குற்றமா, இறங்க முயன்றதற்கு அத்தாட்சியா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது மட்டும் அவருக்கென்று ஒரு வழி உண்டு.

"நான் ரேஸ் பார்க்க வந்தது," என்றார். "நீங்க போறதுக்குத்தான் ஜீப் ஓரமா நிப்பாட்டினது. நீங்க ஏன் எறங்கினது?"

துரை டீமேக்கரைக் காட்டினார்.

"நான் போங்க போங்கன்னு கை காட்டினது. இவர் தொப்பி கழட்டினது. நான் திரும்பவும் கை காட்டினது. இவர் குனிஞ்சது." பிறகு என்னைக் காட்டினார். "இவருக்கு மட்டும்தான் வெளங்கினது."

எனக்கும் விளங்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் நாட்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று அந்த இடத்தில், "ஆமாங்க தொரை," என்று மட்டும் சொன்னேன்.

தலைவர் நான்தான் முதல் என்று தீர்ப்புச் சொன்னார். முதல் பரிசு ஒரு சேவல். அதை இளைஞர்களிடமே விட்டுவிட்டேன். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. டீமேக்கர் காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே என் பக்கம் வந்தார்.

"சரி. சொன்னால் சொன்னதுதான். நாளைக்கு நீர் முதல்."

சாயங்காலம் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் சேற்றைக் கழுவிக்கொண்டு எட்டு மணிக்கே படுத்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து, முதல் வேலையாகக் குளியல் கொட்டகைக்குப் போனேன். கொப்பரை விளிம்பு வரை நிறைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வாளியைத் தூக்கப் பார்த்தேன். இரண்டு கைகளும் தோளுக்கு மேல் எழவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் என்னை ஒரு பலகையில் உட்கார வைத்து ஊற்றினாள். ஆறாவது வாளியில் போதும் என்றேன்.

"பேசாம இருங்க. அவருக்கும் மூணு வாளிதான் மிஞ்சணும்," என்று சொல்லி ஏழாவதை மொண்டாள்.