எனக்கு இல்லாத மழைக்காலம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய மழைக்காலம் வந்ததாம். பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டதாகவும், எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாகவும் சொல்கிறார்கள். நான் அப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனாம். எனக்கு ஒரு துளி நினைவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பாதி, எல்லாம் வெள்ளையாகக் கிடக்கின்றன. அவை போனதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாள் மட்டும்தான் திரும்ப வேண்டியிருந்தது. அன்று நான் என் மகளிடம் என்னவோ சொல்லியிருக்கிறேன்.

இது என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஒரு நாள் நீங்க ரெண்டுபேரும் ரூம்ல இருந்தீங்க. பிள்ளை வெளிய வரும்போ மொகம் வெளுத்துப்போய் இருந்துச்சு. என்னன்னு கேட்டா இன்னிவரைக்கும் வாய் தொறக்கமாட்டேங்கா" என்றார். அவளுக்கு அப்போது பதினான்கு வயது.

என் நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர். பெயர் வைத்தவருக்கு அது வந்திருக்காது என்று நினைக்கிறேன். சோர்வு என்றால் படுத்தால் போக வேண்டும். இது படுக்கப் படுக்க ஏறியது. முதலில் தபால் ஆபீஸ் வேலைக்குப் போவது நின்றது, பிறகு குளிப்பது, பிறகு சாப்பிடுவது, கடைசியில் பேசுவது. மாத்திரைகள் ஒன்றும் பிடிக்கவில்லை. டாக்டர் ஈ.சி.டி. கொடுக்கலாம் என்றார். ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பெயர்.

என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறும் முன் கரண்டை நிறுத்தியாயிற்று என்று ஒரு உத்தரவு வாங்குவார்கள், எல்.சி. என்று சொல்வார்கள். அது கைக்கு வராமல் மேலதிகாரியே வந்து சத்தம் போட்டாலும் அவர் ஏறமாட்டார். அவரிடம்தான் டாக்டர் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்.

"சார், இருவது வருசமா கரண்டு மனுசமேல படாம பாக்கதுதான் எனக்க வேலை. நீங்க எனக்க பொண்டாட்டிக்கு வைக்கணும்னு சொல்லுதீங்களே" என்றாராம். எத்தனை வோல்ட்டு, எத்தனை செக்கண்டு என்று விசாரித்தாராம். டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். மயக்க மருந்து கொடுத்துத்தான் வைப்போம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் ஞாபகம் போகும், பெரும்பாலும் திரும்பிவிடும், இதை ஒட்டிய சில வாரங்கள் வராமலே போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் இவர் பேனாவைக் கையில் எடுத்தாராம்.

மொத்தம் எட்டுத் தடவை. கடைசி மூன்று நான்குதான் எனக்கு நினைவிருக்கின்றன, அவையும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது என்பதால் முந்தின நாள் என் கணவரே என் தலையை ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவார். காலையில் வெறும் வயிற்றோடு போவோம். நெற்றியின் இரண்டு பக்கமும் ஈரமாக எதையோ துடைப்பார்கள். கை நரம்பில் ஒரு குளிர்ச்சி ஏறும். மேலே சுழலும் மின்விசிறி ஒரு இறக்கையாகி, பிறகு இறக்கையும் இல்லாமலாகி, நான் எங்கோ மிக மெதுவாகப் போய்க்கொண்டிருப்பேன். வலி கிடையாது. சினிமாவில் காட்டுகிற கட்டும் அலறலும் கிடையாது. திரும்பி வரும்போது வெளிச்சம் முதலில் வரும், அதற்குப் பிறகு சத்தம், எல்லாவற்றுக்கும் கடைசியாக நான் யார் என்பது. அந்த நடுவிலுள்ள கொஞ்ச நேரத்தில் நான் யாராகவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது சுகமாக இருந்தது.

"அக்கா, இது எந்த இடம்?" என்று நர்ஸ் கேட்பாள். நான் ஒருமுறை "கன்னியாகுமரி, கடல் கேக்குது" என்றேனாம். "கடலுக்கு இன்னும் பஸ் ஏறணும்க்கா, அது ஏ.சி. சத்தம்" என்றாளாம்.

ஆறாவது தடவை முடிந்து விழித்தபோது "ஒரு சாயா வேணும்" என்றேன். மாதக்கணக்கில் நான் வேண்டும் என்று சொன்ன முதல் சொல் அதுதான். சாயா வாங்கப் போன மனிதர் கேன்டீனில் நின்று அழுதுவிட்டு, ஆறிப்போன சாயாவோடு வந்தார். நான் குடித்தேன். இனிப்பு தெரிந்தது.

திரும்ப வேலையில் சேர்ந்தபோது, மனப்பாடமாக இருந்த பின்கோடுகள் பாதி காணவில்லை. ஒவ்வொன்றாக அவையும் வந்தன. வராத மாதங்களை வீட்டில் உள்ளவர்கள் சொல்லி நிரப்பினார்கள். என் கணவர் இதில் நன்றாகக் குளிர்காய்ந்தார். சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டி.வி. வந்திருந்தது. "நீதான ஏட்டி வாங்கச் சொன்ன" என்றார். வாயே திறக்காமல் கிடந்தவள் டி.வி. மட்டும் கேட்டேனாக்கும்!

மகள் மட்டும் எதையும் நிரப்பவில்லை. அவள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகமாட்டாள். சித்தி வீட்டில் ஒரு நாள் தங்கமாட்டாள். மதியம் பள்ளியிலிருந்து யாருடைய போனையாவது வாங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பாசம் என்று நினைத்து நான் பூரித்துப்போனேன். முட்டாள்.

இந்த வருடம் அவளுக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது அதைத்தான். ஒப்புக்கொள்ள இரண்டே நாள் இருந்தது. வேண்டாம், இங்கேயே ஏதாவது படிக்கிறேன் என்றாள். மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். ஏன் என்று ஐந்தாறு தடவை கேட்டேன்.

"நீ சொன்னேல்லா" என்றாள்.

"என்னத்த சொன்னேன்?"

"உனக்கு நெஜமாவே ஞாபகம் இல்லியா?"

"இல்ல மக்கா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நீ ஒருத்தி இங்க கெடக்கதுனாலதான் எனக்குச் சாவ முடியலன்னு சொன்ன. அப்போ நான் போனா?"

மூன்று வருடம் என் பிள்ளை எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். அது நானில்லை, நோய் பேசியது என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவள் காதில் விழுந்தது என் குரல்.

"சொன்னது நான்தான். உன்கிட்ட அதச் சொல்லியிருக்கப்பிடாது. என்ன மன்னிச்சிரு மக்கா" என்றேன்.

"ஞாபகமே இல்லாத காரியத்துக்கு எப்படிம்மா மன்னிப்பு கேப்ப?"

"உனக்கு ஞாபகம் இருக்குல்லா. அது போதும்."

கத்தியை எடுத்து, உரிக்காமலே திரும்ப வைத்தாள். "இனியும் உனக்கு அப்பிடி வந்தா?"

வராது என்று சத்தியம் செய்ய ஆசையாக இருந்தது. செய்யவில்லை. "வந்தா அப்பாட்ட சொல்லுவேன். டாக்டர்ட்ட போவேன். திரும்பவும் கரண்டு வைக்கணும்னா வச்சுக்கிடுவேன். அதுக்கு நீ இங்க கெடக்காண்டாம்."

அவள் அழுதாள். தேம்பித் தேம்பி, பதினான்கு வயதுப் பிள்ளையாக அழுதாள்.

மறுநாள் இடத்தை ஒப்புக்கொண்டாள். சேரும் நாள் வந்ததும் காலை ரயிலில் அப்பாவோடு கிளம்பினாள். நாகர்கோவில் தாண்டியதும் போன் வந்தது. சாப்பிட்டியா? சாப்பிட்டேன். ஆரல்வாய்மொழியில் மறுபடியும் வந்தது. காற்றாலைச் சிறகுகள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே சுற்றுவதாகச் சொன்னாள். மாத்திரை போட்டியா? போட்டாச்சு.

அதன்பின் வரவில்லை. வள்ளியூர் போயிருக்கும், திருநெல்வேலி போயிருக்கும். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை அவள் எண்ணை எடுத்தேன், அழைக்கவில்லை. மதுரையில்தான் கூப்பிட்டாள். "அம்மா, எதிர் சீட்ல ஒரு பிள்ளை, அவளும் எனக்க காலேஜ்தான். பேசிட்டே வந்தோம், உனக்குக் கூப்பிடவே மறந்துட்டேன்" என்றாள்.

நல்லது மக்கா என்றேன். போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, நாலு மணி நேரம் என் மகள் என்னை மறந்திருந்தாள்.