வள்ளத்தடியில் ஒரு சாண் சருகு

போன புதன்கிழமை காலை, மில்லர்புரத்து வாடகை அறையில் நுண்ணோக்கியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். திருச்செந்தூரை அடுத்த கடலோர ஊரான ஆலந்தலையில் ஒரு பூவரச மரத்தடியில் முன்பு அள்ளிவந்த மண்ணில் கிடைத்த சிற்றுண்ணி அது. சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம்; எட்டுக் கால்; உருவம் பொடியுப்புத் துகள் அளவு. முதுகு மயிர் ஒவ்வொன்றும் இலைபோல் விரிந்திருந்தது. நானறிந்த எந்த இனத்துக்கும் அப்படி இல்லை. புது இனமா? வாயுறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இருந்ததோ ஒன்றே ஒன்று. அறுத்துவிட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது. மரம் அங்கேதானே நிற்கிறது, போய் இன்னும் நாலைப் பிடித்துவந்தால் என்ன?

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பேருந்து. உப்பளங்கள், ஆத்தூர், காயல்பட்டினம் தாண்டித் திருச்செந்தூர், நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஆட்டோ.

எட்டரைக்கு மரத்தடியில் நின்றேன். ஒரு சருகு இல்லை! விளக்குமாற்றோடு நின்றவர் ஜெசிந்தா அக்கா, என் கல்லூரித் தோழியின் அக்கா. அன்று அவர் வீட்டில்தான் தங்கல்.

“நாளைக்கு அசனம்ளா. ஊரே கூடிச் சாப்பிடும். குப்பையிலயா உக்காரச் சொல்லுத? எல்லாம் பின்னால குழியில கிடக்கு, அள்ளிக்கோ.”

குழியில் எல்லா மரத்துச் சருகும் கலந்து கிடந்தது. எந்த மரத்தடியில் வாழ்ந்தது என்று எழுத முடியாத பூச்சி எனக்கு உதவாது. சொன்னேன்.

“பூச்சிக்கும் கதவு நம்பர் வேணுமோ?”

அழுகை வரும்போல இருந்தது. அப்போதுதான் மரத்தை ஒட்டிக் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பிடி வள்ளம் கண்ணில் பட்டது. விளக்குமாறு அதன் அடியில் போயிருக்காது!

அசனத்துக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்த சூசை அண்ணாச்சியிடம் ஓடி, வள்ளத்தைத் தூக்கித் தரக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “ஏலே, இங்கன வாங்கலே! இந்தக் கரைக்கு முத்து தேடி வந்தவன் உண்டு. பூச்சி தேடி இந்தப் புள்ளதான் வந்திருக்கு.”

ஆறு பேர் வேலையை விட்டு வந்தார்கள். “பிடிலே, தூக்குலே!” ஒரு பக்கம் உயர்ந்தது. வேர் இடுக்கில் ஒரு சாண் ஆழத்துக்குக் கறுத்த ஈரச் சருகு. துணிப்பை நிறைய அள்ளினேன்.

அக்கா வீட்டில் புனலில் வலை பொருத்தி, சருகைப் பரப்பி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். சூட்டுக்குப் பயந்து பூச்சிகள் கீழே இறங்கி, அடியில் வைத்த எரிசாராயக் குப்பியில் விழும்.

ஞாயிறு மூன்று மணி. அசனச் சோறு வயிற்றில் கனக்க, கொண்டுபோயிருந்த சிறிய நுண்ணோக்கியில் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

“மாதாவே! முதுகுல இலை!”

மூன்று இருந்தன.

“எங்க ஊரு பேர வச்சிராதளா. பூச்சி ஊருன்னு ஒருத்தனும் பொண்ணு கேட்டு வரமாட்டான்.”

“வைக்கட்டும். தூக்குனது நாமதான,” என்றார் வாசலில் நின்ற அண்ணாச்சி.

அந்த ஆறு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் பேருந்து ஏறினேன். பெயர் பிறகு. நாளைக் காலை, கை நடுங்காதிருக்கக் காப்பியைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்றில் ஒன்றை ஊசிமுனையால் திறக்கப்போகிறேன்.