வரிசையில் உறங்கியவர்

அவரை முதலில் இரண்டு பாதங்களாகத்தான் எனக்குத் தெரியும். துறைமுக வாசலில் நின்ற கண்டெய்னர் லாரியின் ஜன்னலுக்கு வெளியே, மத்தியான வெயிலில் அவை நீட்டிக்கொண்டிருந்தன. மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கம்பெனி, லாரிகள் காத்துக்கிடக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி என்னை அனுப்பியிருந்தது. நிறையப் புத்தகம் படித்தவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

பாதங்களுக்குச் சொந்தக்காரர் எங்கள் கம்பெனிக்காகத் திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றி வரும் தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வரிசை நகர்ந்தபோது அவர் எழவில்லை. பின்லாரிக்காரர் இறங்கி வந்து, இவருடைய வண்டியை நகர்த்திவிட்டு, திரும்பிப் போய்த் தன்னுடையதை நகர்த்தினார். நாலு பேர் முறை வைத்திருந்தார்கள்: ஒருவர் விழித்திருக்க, மூவர் தூங்குவார்கள். அந்த வாசலில் ஒழுங்காக நடந்த ஒரே ஏற்பாடு அதுதான். நான் ‘ஓட்டுநரின் அலட்சியம்’ என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு போனிலேயே நேரம் குறித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தோம். வரிசை மறைந்தது. நாள் முழுக்க நின்ற லாரி முக்கால் மணியில் வெளியேறியது. கம்பெனி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. மிச்சமான நேரத்தில் அண்ணாச்சியை இன்னொரு நடை ஓட்டச் சொன்னது.

ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நான் வாங்கிக் கொடுத்த சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வைட்டிலா சிக்னலில் கண் அசந்துவிட்டதாம். பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரன் அடித்து எழுப்பினானாம்.

“ஓடுற வண்டியில அசந்தா எவன் எழுப்புவான், சாரே? நான் தூங்கினதே அந்த வரிசையிலதான். எனக்கு மட்டும் நேரத்தை நாலு மணிக்கூர் தள்ளிப் போடுங்க.”

போட்டேன், வாசலில் நெரிசல் என்ற பொய்க் காரணத்தோடு. நான் கொண்டுவந்த முறையை நானே ஏமாற்றியதுதான் என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம். மூன்று மாதம் அவர் தூங்கினார். அதற்குள் மேலே இருப்பவர்கள் தாமதத்தைக் கண்டுபிடித்து விசாரித்தார்கள். மனிதன் தூங்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சாப்ட்வேரில் கோளாறு என்றேன். உடனே சரிசெய்துவிட்டார்கள், இனி மனிதர் யாரும் கைவைக்க முடியாதபடி. அந்த வாரமே அண்ணாச்சி வேலையை விட்டார்.

நான் விடவில்லை, இன்றும் அதே நாற்காலியில் நிமிஷங்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் திருப்பூணித்துறையில், என் பெண்ணின் பள்ளி மதிலோரம் அவரைப் பார்த்தேன். இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்கால மணி அடிக்கும்வரை பஸ்ஸிலேயே தூக்கம். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

“இங்கயும் நேரத்தை மிச்சம் பிடிக்க வந்துட்டீங்களா, சாரே?”

இல்லை, பெண்ணை அழைத்துப்போகத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பஸ் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.