இரண்டு சேம் சைடு கோல்கள்

மார்னி வில்காக்ஸுக்கு நாற்பத்தொரு வயது. ஒஹாயோவின் மில்பர்ன் ஊரில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நாலு வார்த்தை சிரித்துப் பேசி, அடுத்த தேதி குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அவளிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் தொங்கும் பலகையைப் பற்றி நமக்குத் தெரிந்துவிடும். பெண்கள் கால்பந்தில் ஒரே பருவத்தில் அதிக கோல் போட்டவர் என்று அதில் ஒரு வரி உண்டு. எம். ஹெட்ரிக், 1995, இருபத்தேழு. ஹெட்ரிக் என்பது மார்னியின் பிறந்த வீட்டுப் பெயர். அதையும் அவளே சொல்லிவிடுவாள், நாம் கேட்க வேண்டியதில்லை.

பதினோரு வருடமாகப் பள்ளி அணிக்கு ஸ்கோர் நோட்டு எழுதுகிறவளும் அவள்தான். சம்பளம் கிடையாது. மைதானத்தின் நடுக்கோட்டருகே ஒரு மடக்கு மேசை, ஒரு பென்சில், ஒரு ரப்பர். சொந்த மைதானத்து அணியின் நோட்டு என்ன சொல்கிறதோ அதுதான் கடைசிப் பேச்சு. யார் போட்ட கோல் என்று அதில் எழுதியிருக்கிறதோ அவள் போட்டதுதான். பள்ளிக்கு எவ்வளவு விசுவாசம் பார் என்று ஊரே மெச்சியது. உண்மையில் தன் இருபத்தேழுக்குப் பக்கத்தில் எவளாவது வருகிறாளா என்று காவல் காக்கத்தான் அவள் போய் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் பதினேழைத் தாண்டி ஒருத்தியும் வரவில்லை. நிம்மதியான காவல்.

அந்த நிம்மதிக்கு ஒரே ஆபத்து டெலேனி ஆஸ்ட்ராண்டர். நாலு வீடு தள்ளி இருக்கும் பெண். பந்து அவள் காலுக்கு வந்தால், பிறகு அவளாக விட்டால்தான் அது போகும். நல்லவேளையாக அவள் பள்ளிக்கு வெளியே ஒரு தனியார் கால்பந்துக் கிளப்பில் ஆடுகிறவள். கொலம்பஸ் பக்கம் இருந்த அந்தக் கிளப், தன்னிடம் ஆடுகிறவர்கள் பள்ளி அணியில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. திறமையான பெண்கள் கிளப்பில் மட்டும் ஆடுவதா, பள்ளிக்கும் ஆடுவதா என்று ஊரில் நாலு பேர் கூடினால் சண்டைதான். மார்னி எப்போதும் கிளப் கட்சி. பள்ளிக்கு நோட்டு எழுதுகிறவளே கிளப்புக்குப் பேசுகிறாளே, எவ்வளவு நியாயமான மனுஷி என்று அதற்கும் மெச்சிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் டெலேனியின் அம்மா லோரா பல் சுத்தம் செய்ய வந்தாள்.

"மார்னி, நீயே ஒரு வழி சொல்லு. இந்தக் கடைசி வருஷம் ஸ்கூலுக்குத்தான் ஆடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

மார்னியின் சிரிப்பு அப்படியே நின்றது. "கிளப்ல விடமாட்டாங்களே?"

"காலேஜ் டீம்ல ஆடறதுக்கு இடம் உறுதியாயிடுச்சுல்ல? இந்த சீசன் மட்டும் லீவு வேணும்னு தானே போய்க் கேட்டுட்டு வந்துட்டா. அவங்களும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு சரின்னுட்டாங்க."

"லோரா, கோவிச்சுக்காத. என் பொண்ணா இருந்தா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூட விடமாட்டேன். ஸ்கூல் கிரவுண்டப் பாத்திருக்கியா? குண்டும் குழியும். எதிர்ல வர்றதுங்க பந்தை விட்டுட்டு முட்டியத்தான் உதைக்கும். முட்டி போச்சுன்னா காலேஜும் போச்சு. அதோட பெய்ஜ நெனச்சுப் பாரு. மூணு வருஷமா காத்திருந்து இப்பத்தான் அவளுக்கு முன்வரிசைல இடம் கெடைச்சிருக்கு. இவ வந்தா அந்தப் புள்ள பெஞ்சுக்குப் போகணும்."

"நீயும் ஸ்கூல்ல ஆடுனவதானே?"

"எனக்கு வேற வழி இருந்துச்சா?" என்றாள் மார்னி. அவள் நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. காத்திருந்த கிழவர் ஒருவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

வேறு வழி இருக்கவில்லைதான். அவள் காலத்தில் கிளப் ஒரு மணி நேரம் தள்ளி இருந்தது. வாரம் மூன்று நாள் வண்டி ஓட்ட அப்பாவுக்கு மனமில்லை. பந்து உதைக்கவா இவ்வளவு பெட்ரோல் என்றார். இருபத்தேழு கோல் போட்ட வருடத்தில் கல்லூரி அணிக்கு ஆள் தேடும் பயிற்சியாளர் ஒருவராவது வருவார் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் வேலியோரம் பார்த்தபடியே ஆடினாள். அவர்கள் எல்லோரும் கிளப் ஆட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார்கள். நவம்பரில் காலணியைக் கழற்றினாள், அவ்வளவுதான். டெலேனிக்குக் கிளப்பும் கிடைத்தது, கல்லூரியும் கிடைத்தது. இப்போது பள்ளியும் வேண்டுமாம். மார்னிக்கு வயிறு எரிந்தது. மரியாதையாகச் சொல்ல வேறு சொல் இல்லை.

மறுநாள் தபால் எடுக்க வெளியே வந்த டெலேனியையும் அவள் விடவில்லை. முட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

டெலேனி பொறுமையாகக் கேட்டாள். "மிஸ் மார்னி, கிளப்ல பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டு ஊரு. கோல் போட்டா கட்டிப்பிடிச்சுக்குவோம், அப்புறம் ஆளுக்கொரு கார்ல ஏறிப் போயிடுவோம். ஸ்கூல்ல மேட்ச் இருக்கற அன்னிக்கு எல்லாரும் ஜெர்சி போட்டுக்கிட்டுதான் கிளாசுக்கே வருவாங்க. மூணு வருஷமா நான் மட்டும் சாதா சட்டை. ஒரு வருஷமாவது நானும் போட்டுப் பாக்கறேனே."

"சட்டைக்காகவா முட்டியப் பணயம் வைப்ப?"

"ஆமா," என்று சிரித்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இதையே மார்னி மூன்றாம் முறை சொன்னபோது அவள் கணவன் கர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அந்தப் பொண்ணோட முட்டி மேல உனக்கு என்னடி இவ்வளவு அக்கறை? என் முதுகு வலிக்குதுன்னு ஆறு மாசமா சொல்றேன், ஒரு வார்த்தை கேட்டியா?"

செப்டம்பர் வந்தது. முதல் ஆட்டத்தில் டெலேனி மூன்று போட்டாள், இரண்டாவதில் நாலு. பெய்ஜ் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து மார்னி உச்சுக்கொட்டினாள், ஆனால் அவள் மனம் பெய்ஜிடம் இல்லை. அது நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தது. ஏழு. பதினொன்று. பதினாறு. ஒவ்வொரு கோலுக்கும் டெலேனியின் பெயருக்கு எதிரே ஒரு கோடு கிழிக்கும்போது பென்சில் முனை தாளில் அழுந்தியது. இரண்டு தடவை உடைந்தது.

இருபதைத் தொட்ட அன்று அது நடந்தது. டெலேனி அடித்த பந்து கோல் காப்பாளரின் கையில் பட்டு, விரல் வழியாக வழுக்கி உள்ளே போனது. கோல் நோக்கிப் போன பந்து யார் மேல் பட்டாலும் அடித்தவளுக்குத்தான் சேரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்னியின் இருபத்தேழிலேயே மூன்று யாரோ ஒருத்தியின் காலில் பட்டுப் போனவைதான். கோச் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எதிரணிக் கணக்கில் சேம் சைடு கோல் என்று எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. இம்முறை தடுப்பாட்டக்காரியின் கணுக்காலில் பட்டு உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் கோச் பிட்மன் மேசைக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது, வேதியியல் டீச்சர், எப்போதும் அவசரம்.

"மார்னி, அது டெலேனிக்குத்தானே வரும்?"

"வெளிய போன பந்து கோச். அந்தப் பொண்ணு கால்ல படலன்னா கம்பத்துக்கு ஒரு கெஜம் தள்ளிப் போயிருக்கும். எனக்கு இங்கேர்ந்து நேரா தெரிஞ்சுது."

"நீங்க சொன்னா சரி," என்று கோச் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பதினோரு வருடத்து நல்ல பெயர் அந்த ஒரு நொடியில் உதவிக்கு வந்தது.

பருவத்தின் கடைசி ஆட்டம் அக்டோபர் நடுவில், ஒரு சனிக்கிழமை பகலில். பலகைக் கணக்கு அன்றோடு முடிகிறது. நோட்டில் டெலேனிக்கு இருபத்தாறு. அன்று கடைசி வருடப் பெண்களுக்கான நாளும்கூட. ஒவ்வொருத்தியும் அம்மா அப்பாவின் கையைக் கோர்த்து மைதான நடுவுக்கு நடந்து போய், அம்மாவுக்கு ஒரு பூங்கொத்து கொடுக்க வேண்டும். லோரா வெட்கமில்லாமல் அழுதாள். இன்றைக்கு ஒன்று போட்டால் சமம், இரண்டு போட்டால் தன் பெயர் பலகையிலிருந்து போய்விடும் என்பதைத் தவிர மார்னிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

டெலேனி அன்று கோலே போடவில்லை. இரண்டு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மார்னி மேசைக்கடியில் கைகளைப் பிசைந்தாள். முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது மில்பர்னுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மைதானமே "டெலேனி, டெலேனி" என்று கத்தியது. அந்தப் பெண் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தாள். பிறகு அதை மறுபடியும் கையில் எடுத்து, அப்போதுதான் உள்ளே வந்திருந்த பெய்ஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெய்ஜ் அடித்தாள். கோல்.

மார்னிக்கு வாயெல்லாம் பல். லூசுப் பெண் என்று மனதுக்குள் கொஞ்சினாள். பெய்ஜின் பெயருக்கு எதிரே அவள் கிழித்த கோடு அந்த வருடத்திலேயே அழகான கோடு. இருபத்தேழு பிழைத்துக்கொண்டது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கேக் வெட்டப் போனார்கள். டெலேனி மட்டும் மேசைக்கு வந்தாள். முழங்கால் எல்லாம் மண், ஆனால் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது.

"மிஸ் மார்னி, எனக்கு மொத்தம் எவ்வளவு?"

"இருபத்தாறு கண்ணு. ஒண்ணுல போச்சு. அந்தப் பெனால்டிய நீயே அடிச்சிருக்கலாம்."

"அம்மா ஃபோன்ல எழுதிக்கிட்டு வந்தாங்க. அவங்க கணக்குல இருபத்தெட்டு."

மார்னி நோட்டை மூடினாள்.

"பரவால்ல மிஸ் மார்னி, நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாவையும் சொல்லவேண்டாம்னுட்டேன்," என்றாள் டெலேனி. குரலில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பெனால்டிய நான் அடிச்சு, அதுவும் உங்களுக்குத் தொந்தரவாகணுமா? எனக்கு காலேஜ் இருக்கு. அங்க நாலு வருஷம் ஆடப்போறேன். உங்களுக்கு அந்தப் பலகை ஒண்ணுதானே? அது உங்களுக்கே இருக்கட்டும்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மார்னி வாங்கிக்கொண்டிருப்பாள். திருடினாள், சரி; திருடியதாவது அவளுடையதாக இருந்தது. இப்போது இந்தப் பதினேழு வயசு அதைப் பிச்சையாகத் தட்டில் போடுகிறது. கிளப் இவளுக்கு, கல்லூரி இவளுக்கு, பள்ளிச் சட்டை இவளுக்கு, கடைசியில் பெரிய மனசும் இவளுக்கேவா?

"எனக்கு எவளும் எதையும் விட்டுக்குடுக்க வேணாம்," என்றாள். நோட்டை இழுத்துத் திறந்தாள். இரண்டு பக்கத்திலும் ரப்பரை வைத்துத் தாள் கிழியும்படி தேய்த்தாள். டெலேனியின் பெயருக்கு எதிரே ஒரு கோடு, இன்னொரு கோடு. "கோச்!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "தப்பா எழுதிட்டேன் கோச்! ரெண்டும் இவளுதுதான். இருபத்தெட்டு!"

நியாயம் செய்யும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அந்தப் பெண்ணை நல்லவளாக இருக்க விடக்கூடாது என்ற ஆத்திரம்தான். ஆனால் அது டெலேனிக்கு எப்படித் தெரியும்? அவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து மார்னியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வேர்வையும் புல்லும் மண்ணும் சேர்ந்த வாசனை. இதயம் இன்னும் ஓட்டத்திலேயே இருந்தது. மார்னியின் நெஞ்சில் அது இடித்தது.

"தேங்க்ஸ் மிஸ் மார்னி," என்று சொல்லிவிட்டு டெலேனி ஓடினாள். அங்கே பெண்கள் கூச்சலிட்டு அவளைத் தோளில் தூக்கினார்கள். முதலில் தூக்கியவள் பெய்ஜ்.

மார்னி மடக்கு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் சட்டையில் அந்தப் பெண்ணின் வேர்வை ஈரமாக ஒட்டியிருந்தது. பலகை போனது அவளுக்கு வலிக்கவில்லை. பதினோரு வருடமாகத் தான் பலகையைத்தான் காவல் காத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதுதான் வேடிக்கை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பதினேழு வயசு உடம்பையும் இந்தப் புல்லையும் எனக்கு ஒரே ஒரு அரைமணி நேரம் கொடுங்கள் என்று யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.