கோட்டறையில் ஒரு தீவு

மண்டபத்துக்கு வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற வேலையில் முகங்கள் மறந்துபோகும், பாரங்கள் மறக்காது. எது யாருடையது என்று கை சொல்லிவிடும். பிறர் சாமானுக்குக் காவல் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 2005 முடிவில் மொன்றியலில் நடந்த பெரிய காலநிலை மாநாட்டில் எனக்கு இரண்டு கிழமை அந்த வேலை. கூட நின்றவள் லூசி, துறைமுகப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த, பிரெஞ்சு பேசுகிற கெபெக் பெண். ஆளில்லாத கோட்டுகள் வரிசையாகத் தொங்கினால், தலையில்லாத சனம் முதுகு காட்டி நிற்கிற மாதிரி இருக்கும். கதவு திறந்தால் எல்லாம் சேர்ந்து ஒருக்கால் அசையும். முதல் நாளே லூசி சொன்னாள்: "கோட்டுகளை எண்ணு, ஆனால் நெடுக உற்றுப் பார்க்காதே."

சொட்டிய கோட்டு

மூன்றாம் நாள். வெளியே பனி கொட்டவில்லை, காய்ந்த குளிர். ஆனாலும் கடைசி வரிசையில் ஒரு பழுப்புக் கோட்டின் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. துடைத்தேன். அரை மணித்தியாலத்தில் திரும்பவும் அதே இடத்தில் தண்ணீர். அண்ணாந்து பார்த்தேன், கூரையில் குழாய் ஒன்றும் இல்லை. லூசி வாளி எடுக்கப் போனாள். முதலில் துடைத்த இடத்தின் ஓரம் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

முந்தின வருஷ மார்கழிச் சுனாமியில், முல்லைத்தீவில், என் அண்ணையைக் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு நான் எந்தக் கரைக்கும் போனதில்லை. இப்போது கடலே என்னைத் தேடி வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்காதீர்கள், அந்த முதுகுகளுக்கு நடுவில் தனியே நின்றிருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

பின்னேரம் கோட்டுக்கு உரியவர் வந்தார். பெயர் தெரேசியா, ஐம்பது வயதிருக்கும். பசிபிக் கடலில் உள்ள ஒரு சின்னஞ்சிறு நாட்டின் ஒரே பிரதிநிதி. அந்த நாட்டைப் பிறகு வீட்டு வரைபடத்தில் தேடினேன், அது தாளின் மடிப்புக்குள் போயிருந்தது. அவர் கோட்டுப் பையில் கைவிட்டு, மூடி தளர்ந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மாநாட்டில் காட்டுவதற்குக் கொண்டுவந்ததாம். நான் வெளிறிப்போனதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதீர்கள், இது கடல்தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்."

ஆற்றின் கீழே

நகரத்து விடுதிகள் அந்த நாட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. தெரேசியா ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், ஒரு அறையில் தங்கியிருந்தார். என் வீடும் அங்கேதான். ஒன்றாக மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினோம். ரயில் இருட்டுக்குள் இறங்கியதும், மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆறு என்றேன். அவர் சப்பாத்துக் கால்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, இருக்கையில் வைத்துக் கட்டிக்கொண்டார். சனம் பார்த்தது. அவர் கவலைப்படவில்லை.

"எங்கள் ஊரில் தண்ணீர் கரையால் ஏறி வருவதில்லை" என்றார். "நிலத்துக்கு அடியால் ஊறி வரும். முதலில் பள்ளிக்கூட மைதானம் நனையும். அடுத்தது, கல்லறைகள் இருக்கிற சேமக்காலை. அம்மாவின் பெட்டியை இரண்டு தரம் தோண்டி எடுத்து மேட்டில் புதைத்தோம்." ரயில் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் காலை இறக்கினார். "மூன்றாம் தரம் புதைக்க எங்களிடம் மேடு இல்லை."

மத்தியானச் சத்தம்

இரண்டு நாள் கழித்து அவரைத் தேத்தண்ணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டேன். என்னிடம் பத்து டொலர் தொலைபேசி அட்டை ஒன்று இருந்தது. எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணி, அவர் ஊரில் அடுத்த நாள் மத்தியானம். மகளோடு கதைத்தவர், திடீரென்று றிசீவரை என் காதில் வைத்து "கேளுங்கள்" என்றார்.

விசிறிச் சத்தம் இல்லை, வானொலி இல்லை, ஒரு மனிதக் குரல்கூட இல்லை. பிறகு, அந்த அமைதிக்கும் கீழே, ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தண்ணீர் விழுங்குகிற சத்தம். களக்... களக்...

அவர் விளக்கினார். உலகத்தின் சூட்டைக் குறைக்க அந்த நாட்டின் பங்களிப்பு அது: தினமும் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் தீவு முழுவதும் ஜெனரேற்றரை நிறுத்துகிறார்கள். அதோடு, ஏழை நாடுகளுக்கான நிதிக்கும் வீடு வீடாகச் சேர்த்து ஒரு தொகை கொடுத்திருக்கிறார்கள், தங்களைவிட நிலம் பதிந்த பக்கத்துத் தீவை நினைத்து. "முந்தி அந்த மெஷின் இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தின பிறகுதான், வீட்டுக்கு அடியில் அது நடமாடுவது கேட்டது."

மூன்று நிமிஷம்

மாநாட்டு மேடையில் தெரேசியாவுக்குப் பேசக் கிடைத்தது மூன்று நிமிஷம். எங்கள் மேசைக்கு எதிரே இருந்த திரையில் பார்த்தோம். இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடைசி நிமிஷம் வாய் திறக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தபடி சும்மா நின்றார். மொழிபெயர்ப்பாளர்கள் நிறுத்தினார்கள், தாள் புரட்டியவர்கள் நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் காற்றுக்குழாய் மூச்சுவிடுவது கேட்டது. எங்களுக்குப் பின்னால் காற்றே இல்லாத அறையில் கோட்டு மாட்டிகள் ஒன்றோடொன்று உரசின. நானும் லூசியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்து நேரம் முடிந்ததும், பெரிய நாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கோட்டு எடுக்க வந்தார். அந்தத் தீவு முழுவதும் ஜெனரேற்றரை அணைத்தாலும் உலகத்துக்கு என்ன வித்தியாசம் என்று சிரித்தார். வாடிக்கையாளரோடு வாதாடியே அறியாத லூசி, கோட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "மிஸ்யூ, உங்களுக்கு முதலே அவர்கள் அணைத்துவிட்டார்கள். அதுதான் வித்தியாசம்."

அண்ணியின் குரல்

தெரேசியா புறப்பட்டுப் போன அன்று பின்னேரம் தொலைபேசி அட்டையில் இன்னும் சில நிமிஷம் மிச்சம் இருந்தது. அண்ணை போன நாளிலிருந்து நான் அண்ணியோடு கதைத்ததில்லை. அவ இன்னும் அதே கரையில்தான் இருந்தா. அவவின் குரலுக்குப் பின்னால் கடல் கேட்குமே என்ற பயம் எனக்கு. எத்தனையோ தரம் நம்பரை அழுத்தத் தொடங்கிப் பாதியில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு முழுவதும் அழுத்தினேன். அங்கே விடிகிற நேரம். நம்பர் பக்கத்துக் கடையினுடையது, கடைக்காரர் போய் அண்ணியைக் கூட்டிவந்தார்.

"ஏன் பிள்ளை, இவ்வளவு நாளும் கதைக்கேல்லை?" என்று கேட்டா. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன்: "உந்தக் கடல் சத்தத்துக்குப் பயந்துதான், அண்ணி."

றிசீவரைக் காதோடு அழுத்திக் கடலைத் தேடினேன். பின்னணியில் எந்தச் சத்தமும் இல்லை. அண்ணி சாதாரணமாகச் சொன்னா: "கடல் சத்தம் போட்டா எனக்குப் பயமில்லை, பிள்ளை. இண்டைக்குப் பேசாமக் கிடக்கு, அதுதான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இரண்டு கிழமை முடிவில், தொடர்ந்து பேசுவோம் என்று உலகம் தீர்மானித்துக் கலைந்தது. கோட்டறையில் ஒன்றுமே தொலையவில்லை என்று மேலாளர் எங்கள் இருவரையும் கைகுலுக்கிப் பாராட்டினார்.